பறந்தானா, விழுந்தானா?

அலரிக் கழிகளில் பருத்தித் துணி போர்த்திய சிறகுகளுக்குள் கைகளை நுழைத்தபடியே, குன்றின் அடிவாரத்தில் எர்ஹார்ட் திகைத்து நிற்கிறான். ஏழாண்டு உழைப்புக்குப் பின் இன்றுதான் உச்சியிலிருந்து ஓடிவந்து பாய்ந்திருக்கிறான். நடந்தது என்னவென்று அவனுக்கே விளங்கவில்லை. "நான் பறந்தேனா, விழுந்தேனா?" என்று கேட்கிறான். "எங்கே பறந்தே? பீர் பீப்பாய்கூட உன்னைவிட அழகா இறங்கும்ப்பா!" என்று காற்றாலைக்காரர் கிராப்கே சிரிக்கிறார். எர்ஹார்ட் மனைவியின் பக்கம் திரும்புகிறான். "ஓட்டிலி, நீயாவது பார்த்தியா?" அவளோ அச்சத்தில் கண்களை இறுக மூடியிருந்தவள். "பார்க்கலைங்க" என்று தடுமாறிச் சரிவை ஏறிட்டு நோக்குகிறாள். இளவெயிலில் புல்வெளி முழுதும் பனித்துளிகள் வெள்ளியாய் மின்னுகின்றன. உச்சியிலிருந்து கருங்கோடாக இறங்கிவரும் அவனுடைய காலடித் தடம் பாதிச் சரிவில் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே, அவன் நிற்கும் இடம் வரையில், ஒரு துளியும் கலையவில்லை.