அறுபத்திரண்டு

அந்தப் பெண் இவன் விரலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது முறை.

நகத்துக்குள் காலையிலிருந்து பத்திரமாக அடைத்து வைத்திருந்த ஈயப்பொடி, சோப்பு நுரையோடு வாஷ்பேசினுக்குள் போய்க்கொண்டிருந்தது. இவனுக்கு வயிறு எரிந்தது.

"இன்னும் அழுக்கு இருக்குண்ணா. நல்லாத் தேய்க்கணும்," என்றாள்.

ரத்தம் எடுக்க வந்தவளுக்கு இவன் வயிற்றெரிச்சல் எப்படித் தெரியும்?

ஜன்னலுக்கு வெளியே தணிகாசலம் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.

நிழலில். முகமூடி இல்லாமல்.

இருவரும் ஒரே ஊர். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் இந்தக் கம்பெனிக்குள் ஒரே நாளில் நுழைந்தவர்கள். எட்டு வருடம் ஒரே உலைக்கு முன்னால் நின்றவர்கள். போன தை மாதம் தொழிற்சாலை ஆய்வாளர் அம்மா வந்து, அன்று ஷிப்டில் இருந்தவர்களுக்கு மட்டும் ரத்தப் பரிசோதனை செய்தார். இவன் அன்று பார்த்து மச்சினன் மகள் காதுகுத்துக்குப் போயிருந்தான். கறிச்சோறு தின்றுவிட்டுத் திரும்பி வந்தால், தணிகாசலம் தோட்டத்தில் நிற்கிறான்.

ரத்தத்தில் ஈயம் அறுபத்திரண்டாம். உலைப் பக்கம் அனுப்பக்கூடாது, சம்பளத்தையும் குறைக்கக்கூடாது என்று ஆய்வாளர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

யோகம் என்றால் இது யோகம்.

அப்படி என்ன வந்துவிட்டது அவனுக்கு? வயிற்றுவலி என்றான். யாருக்குத்தான் வயிற்றுவலி இல்லை? இவனுக்கும்தான் வாரத்தில் மூன்று நாள் சுருட்டிப் பிடிக்கிறது. கை நடுங்குகிறது என்றான். போன வாரம் இவன் கையிலிருந்து டீ கிளாஸ் இரண்டு முறை விழுந்தது. அதை இவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டா திரிந்தான்?

நடிப்பு. எல்லாம் நடிப்பு.

நாலே மாதத்தில் தணிகாசலத்துக்குக் கன்னத்தில் சதை வைத்துவிட்டது. சாயங்காலமானால் பொண்டாட்டியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு சினிமாவுக்குக் கிளம்பிவிடுகிறான். இவன் சோறு இறங்காமல் பாயில் போய் விழுகிறான்.

"தணிகாசலம் அண்ணனப் பாத்தீங்களா, எப்டி ஆயிட்டாரு," என்றாள் ஒருநாள் இவன் மனைவி கோமளா. நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். இவன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

இந்த முறை இவன் லீவு போடவில்லை.

மறுபடியும் ரத்தம் எடுக்க வருகிறார்கள் என்று நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து, ஷிப்ட் முடிவில் கம்பெனி தரும் வெல்லக்கட்டியை இவன் தொடவே இல்லை. வெல்லம் தின்றால் உள்ளே போன ஈயம் அறுத்துக்கொண்டு வெளியே போய்விடும் என்று உலையில் நிற்கிற எல்லோரும் நம்பினார்கள். போய்விட்டால் எண் எப்படி ஏறும்? பதினைந்து நாள் வெல்லத்தையும் பக்கத்து வீட்டுப் பசு தின்றது. போதாததற்குத்தான் நகத்தில் பொடி.

அதைத்தான் இவள் கழுவித் தொலைத்துவிட்டாள்.

ஊசியால் குத்தினாள். ஒரு சொட்டு ரத்தம். கைக்கு அடக்கமான ஒரு மெஷின். மூன்று நிமிடம் ஆகும் என்றாள்.

சாமி, அறுபத்து மூன்று. அவனைவிட ஒன்றே ஒன்று கூட இருந்தால் போதும்.

மெஷின் சத்தம் போட்டது. அவள் அதைப் பார்த்தாள். இவனைப் பார்த்தாள். இன்னொரு கையைப் பிடித்து இழுத்தாள்.

அந்தக் கையையும் இரண்டு முறை கழுவினாள்.

மறுபடி மூன்று நிமிடம்.

இப்போது ஆய்வாளர் அம்மாவே நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"எவ்ளோ மேடம்?"

"இந்த மெஷின் அறுபத்தஞ்சு வரைக்குந்தாங்க காட்டும். உங்களுது அதத் தாண்டிப் போயிருக்கு."

ஜெயித்துவிட்டான்.

உண்மையிலேயே சந்தோஷம் வந்தது. எட்டு வருடத்தில் முதல்முறையாகத் தணிகாசலத்தை முந்திவிட்டான்.

"கை எத்தன நாளா இப்டி நடுங்குது?"

இவன் குனிந்து பார்த்தான். மேசைமேல் இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. பிடித்து நிறுத்தப் பார்த்தான். பிடித்த கையும் நடுங்கியது.

"அப்ப எனக்கு... தோட்ட வேல மேடம்?"

"அதெல்லாம் அப்றம் பாத்துக்கலாம். இப்ப என் ஜீப்புல ஏறுங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். வீட்ல யாரு இருக்காங்க? நம்பர் குடுங்க."

கோமளாவின் நம்பர் பாதி வரை வந்தது. மீதி ஞாபகம் வரவில்லை. தினமும் கூப்பிடுகிற நம்பர்.

ஜீப் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. இவனைக் கண்டதும் தணிகாசலம் ஹோஸைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். மூச்சிரைத்தது அவனுக்கு. கிட்டத்தில் பார்த்தபோது, கண்ணில் பயம் இருந்தது. நாலு மாதமாக உலை வாசலிலிருந்து பார்த்ததில் அது இவனுக்குத் தெரியவே இல்லை.

"எவ்ளோடா வந்துச்சு?"

இவன் வாயைத் திறந்தான். நாலு மாதமாகச் சொல்லக் காத்திருந்த வார்த்தை வெளியே வரவில்லை.

"முப்பதுடா."

"நெஜமாவா? அப்பறம் எதுக்கு ஜீப்பு?"

"ஏதோ கையெழுத்து வேணுமாம்."

கீழே ஹோஸிலிருந்து தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது.

"குடுத்து வச்சவன்டா நீ," என்றான் தணிகாசலம்.

சொல்லிவிட்டு இவனையே பார்த்தான். அந்தப் பார்வையை இவனுக்கு நன்றாகத் தெரியும்.

இவன் சிரித்துக்கொண்டே ஜீப் கதவில் கை வைத்தான். விரல்கள் பிடிக்கவில்லை. இன்னொரு முறை வைத்தான்.

ஆய்வாளர்தான் உள்ளேயிருந்து திறந்துவிட்டார்.