பதினாறாவது புள்ளி

அந்த அம்மாவுக்குக் கண் பார்வை கொஞ்சம் மங்கல் என்று தெரிந்துவிட்டால் போதும், ஆராய்ச்சியாளருக்குப் போன உயிர் திரும்பிவிடும். பட்டன் தொழிற்சாலையின் பேக்கிங் கூடத்தில், அவருக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னிக்கு டெஸ்டுக்கு வந்தப்போ கண்ணாடி போட்டிருந்தீங்களாம்மா?"

"நான் கண்ணாடியே போடறதில்லை சார். வீட்டுல ஊசிக்கு நூல் கோக்கறது இன்னும் நான்தான்." பேசினாலும் கை நிற்கவில்லை, பட்டன்களை எண்ணி எண்ணி உறைக்குள் போட்டுக்கொண்டே இருந்தது. "ஏன் சார், மார்க் ரொம்பக் கம்மியா? வேலையை விட்டு அனுப்பிடுவாங்களா?"

"ஐயையோ, அதெல்லாம் இல்லம்மா! இது என்னோட ஆராய்ச்சி. கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

"அப்படித்தான் சார் எல்லாரும் சொல்வாங்க."

நாள் முழுக்கப் பொருள்களை எண்ணிப் போடுகிறவர்களுக்கு, எண்ணாமலே பார்த்த மாத்திரத்தில் எது அதிகம் என்று சொல்லும் திறமை வருடா வருடம் கூடுகிறதா? இதுதான் அவர் ஆராய்ச்சி. திரையில் இரண்டு பக்கமும் புள்ளிக் கூட்டம் மின்னி மறையும். இடதா, வலதா என்று சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் கணினி 'டிங்' என்னும். சோதனைக்கு வந்த பதினாறு பேருக்கும் அதே இருபது படங்கள்தான், அதே வரிசையில்.

வேலை கெடக்கூடாது என்று சூப்பர்வைசர் புதிதாகச் சேர்ந்தவர்களை முதலில் அனுப்பினார், பழையவர்களைப் பின்னால் அனுப்பினார். புதியவர்கள் பத்து, பன்னிரண்டு வாங்கினார்கள். ஐந்து வருடக்காரர்கள் பதினைந்து. பதினைந்து வருடக்காரர்கள் பத்தொன்பது! வரைபடத்தில் புள்ளிகள் படிக்கட்டு போல ஏறியதைப் பார்த்து மனிதர் அறைக்குள்ளேயே ஒரு குதி குதித்தார்.

எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிப்போன பிறகு, கையிலிருந்த வேலையை முடித்துவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தவர் இந்த அம்மா. இருபத்திரண்டு வருட அனுபவம். வாங்கியது பதினொன்று. அந்த ஒரு புள்ளியால் படிக்கட்டே சரிந்து விழுந்தது.

ஆராய்ச்சியாளர் அதை அழித்துவிட்டார்.

துறையில் புள்ளியியல் பார்க்கும் சகாவுக்கு எல்லாரும் வைத்த பெயர் குண்டூசி. அவர் சரியான இடத்தில் குத்தினார். "ஓர் ஆளை எடுக்கணும்னா காரணம் வேணும்யா. முடிவு நமக்குப் பிடிக்கலைங்கறது காரணம் ஆகாது."

"அவங்களுக்குக் கண்ணு சரியில்லை" என்று இவர் வாய் கூசாமல் சொல்லிவிட்டார். கட்டுரை இன்று ஐந்து மணிக்குள் போனால்தான் இவருக்கு வேலை நீடிக்கும். சொன்ன பொய்யை எப்படியாவது உண்மையாக்கத்தான் இப்போது இங்கே ஓடி வந்திருக்கிறார்.

"அன்னிக்குத் தலைவலி, காய்ச்சல் ஏதாவது?"

"இல்லை சார்."

"முந்தின ராத்திரி சரியாத் தூங்கலையோ?"

"கட்டை மாதிரி தூங்கினேன். டெஸ்டுக்கு அப்புறம்தான் தூக்கமே போச்சு. பதினொண்ணு வாங்கினவளை இங்க வச்சிருப்பாங்களா? பொண்ணு படிப்பு வேற இன்னும் முடியலை." அந்த அம்மா அடுத்த உறையை எடுத்தார். "உங்களுக்கும் என்னால வீண் அலைச்சல். மன்னிச்சுக்குங்க சார்."

பளாரென்று கன்னத்தில் விழுந்தது போலிருந்தது அவருக்கு. ஒரு வாரமாக நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது அப்படியே வெளியே கொட்டிவிட்டது.

"நான்தாம்மா மன்னிப்பு கேக்கணும். உங்க மார்க் எனக்கு ஒத்துவரலை, அழிச்சுட்டேன். கண்ணு சரியில்லாதவங்கன்னு உங்க மேலயே பழியைப் போட்டேன். இப்போகூட அதுக்கு ஒரு சாக்கு தேடித்தான் வந்தேன். சே, நானெல்லாம் ஒரு மனுஷனா! பதினஞ்சு பேரோட உண்மை நிக்கணும்னு உங்க ஒருத்தரோட உண்மையை மறைச்சுட்டேன்."

முதல் முறையாக அந்த அம்மாவின் கை நின்றது. சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லையே என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க மனசு விட்டுச் சொன்னதால நானும் சொல்லிடறேன். எனக்கே மறுநாள்தான் தெரிஞ்சுது. அவங்க மேல கோவப்படாதீங்க சார், பாவம், வேலை போயிடுமோங்கற பயம்."

"யார் மேல கோவப்படக் கூடாது?"

"அந்தப் பதினஞ்சு பேர் மேலதான். வெளியே வந்தவங்க ஒவ்வொருத்தரும், 'டிங்' அடிச்ச விடையை எல்லாம் அடுத்து உள்ள போறவங்களுக்குச் சொல்லிச் சொல்லி அனுப்பியிருக்காங்க. எனக்குச் சொல்லித் தரத்தான் சார் அங்க யாருமே இல்லை."