இரண்டாவது அடுப்பு

சமைத்த இடத்து மண்ணில் சாம்பலும் எலும்பும் விட்டுப்போன பாஸ்பேட் என்ற உப்பு, ஆயிரம் வருஷமானாலும் போகாது. அதை அளந்துதான் ஒரு வயலுக்கடியில் புதைந்திருந்த பழங்கால வீட்டின் வரைபடத்தை வரைந்தேன்.

"அக்கா, அச்சு அசல் உங்க வீடு!" என்று வரைபடத்தைப் பார்த்துச் சிரித்தாள் ஆய்வகத் தோழி. "ஆனா இதுல அடுப்பு ரெண்டு இருக்கே?"

படத்தில் அந்த இரண்டாவது அடுப்பு, சமையலறைச் சுவருக்குப் பின்னால் இருந்தது.

எங்கள் வீட்டைக் கட்டியவர் என் கணவர். வேடிக்கையாகத்தான் இதை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"சுவருக்குப் பின்னாடி வெறும் காலி மனை. உன் வேலையைப் பாரு."

மறுநாள் காலை ஆய்வகத்துக்குக் கிளம்பியவள், மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்தேன். சமையலறையில் அவர் அந்தச் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்.

சுவருக்குள்ளிருந்து ஒரு பெண் கேட்டாள்: "என்னங்க, அவ போயிட்டாளா?"

"போயிட்டா, கண்ணு" என்றார் அவர், சுவரைத் தடவியபடி.