அவள் போடாத கணக்கு

"நாப்பது லிட்டர் பால்ல எத்தனை லிட்டர் தண்ணி ஊத்துவீங்க? நீங்களே சொல்லுங்க பார்ப்போம்!"

கணக்கு வாத்தியார் கேட்டதும் வகுப்பு கொல்லென்று சிரித்தது.

கரும்பலகை ஓரமாக நின்ற பால்காரர் கையைப் பிசைந்தார். மூன்றாவது பெஞ்சில் அவர் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவராக வரவில்லை. வாத்தியார்தான் ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தார். பத்தாம் வகுப்பில் கணக்கு என்றால் அவர் மகள்தான் முதல். ஆனால் மூன்று பரீட்சையாகக் கலவைக் கணக்கை மட்டும் தொடாமல் விட்டிருந்தாள். கேட்டால் வாயே திறக்கவில்லை.

"நான் ஊத்துறதில்லைங்க சார்."

மறுபடியும் சிரிப்பு.

"ஒரு பேச்சுக்குத்தாங்க! அல்ஜீப்ராவே ஒரு பேச்சுக்குத்தான். தெரியாததை எக்ஸ்னு வச்சுக்கிறோம். வச்சுக்கிட்டா ஊத்தினதா ஆயிடுமா?"

வாத்தியார் பலகையில் எழுத ஆரம்பித்தார்.

"எக்ஸ் லிட்டர் தண்ணி ஊத்தினப்புறம் கலவையில பால் எண்பது சதவீதம். இங்கதான் எல்லாரும் கோட்டை விடுவீங்க. தண்ணி ஊத்தினா மொத்தம் கூடும். பால் கூடுமா? நாப்பது நாப்பதாவேதான் இருக்கும். அந்த நாப்பதுதான் மொத்தத்துல எண்பது சதவீதம்னா, மொத்தம் அம்பது. அப்போ எக்ஸ் பத்து. முடிஞ்சது ஜோலி!"

எட்டாவதோடு படிப்பை விட்ட பால்காரருக்கே பளிச்சென்று புரிந்துவிட்டது. மனுஷன் கெட்டிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டார்.

"இதைப் போட உங்க பொண்ணுக்கு என்ன கௌரவக் குறைச்சல்? அப்பா தொழிலை நினைச்சு வெட்கமா? இல்ல, வெட்கப்படுற மாதிரி வேற ஏதாவது இருக்கா?"

இந்தத் தடவை சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பால்காரர் வெளியே வந்தார். காது இரண்டும் எரிந்தது.

இடைவேளையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பால் அவருடையதுதான். விடியற்காலையில் இறக்கிவிட்டுப் போனால், சாயங்காலம் காலி கேன்களை எடுத்துக்கொள்வார். வந்ததுதான் வந்தோம், இப்போதே எடுத்துவிடலாம் என்று சமையல்கூடத்துக்குப் போனார்.

சமையல்காரம்மா பால் அண்டாவைக் குழாயடியில் வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கேன் நிறையப் பால், தனியாக மூடி வைத்திருந்தது.

"என்னம்மா இது?"

அவள் திடுக்கிட்டுக் குழாயை மூடினாள்.

"நீங்க இந்நேரத்துக்கு வர மாட்டீங்களே... இது கணக்கு சார் வீட்டுக்குப் போற பாலுங்க. எடுத்த அளவுக்குத் தண்ணி விட்டு நிரப்பணும்னு உத்தரவு. நான் என்ன பண்றது?"

"எத்தனை நாளா?"

"பால் பொறுப்பு அவர் கைக்கு வந்ததுலேர்ந்து. ஒரு வருஷம் இருக்கும்."

வகுப்பு முடிந்த மணி அடித்தது. வாசலில் நிழல் தட்டியது. வாத்தியார்! முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"பார்த்துட்டீங்களா? சரி. உங்க பொண்ணு நல்லாப் படிக்கிறா. பரீட்சைக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு. பள்ளிக்கூடத்துல போடுற மார்க் எல்லாம் என் கையிலதான் இருக்கு. யோசிச்சுப் பேசுங்க."

சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே போய்விட்டார்.

பால்காரர் காலி கேன்களோடு வெளியே வந்தார். சைக்கிள் நிறுத்தும் இடத்தில் மகள் காத்திருந்தாள். அழுத கண்.

"அப்பா, ஒண்ணு கேட்டா உண்மையைச் சொல்வீங்களா?"

"கேளும்மா."

"பசங்க சிரிக்கிறாங்கன்னு நான் அந்தக் கணக்கை விடல. இங்க குடுக்கிற பால் தண்ணியா இருக்குப்பா. நம்ம வீட்டுப் பால் அப்படி இல்ல. ரெண்டையும் தினம் நான்தானே குடிக்கிறேன்? அந்தக் கணக்கைப் பார்த்தாலே உங்க முகம்தான் வருது. பேனா ஓட மாட்டேங்குது... நீங்கதான் ஊத்துறீங்களா?"

வகுப்பே சிரித்தபோதுகூட அவருக்கு இப்படி வலிக்கவில்லை.

உண்மை தொண்டை வரை வந்துவிட்டது. அதற்குள் மகளே பேசினாள்.

"சார்கிட்டச் சொல்லிடலாம்னு ரெண்டு தடவை கிளம்பினேன். அவர் ரொம்ப நேர்மைப்பா. தெரிஞ்சா உங்களைச் சும்மா விட மாட்டார். அந்தப் பயத்துலதான் வாயை மூடிக்கிட்டேன்."

பால்காரர் அவளைப் பார்த்தார். அவளைப் பற்றி அவருக்குத் தெரியாதா? இப்போது சொன்னால், இந்த நிமிஷமே வகுப்புக்கு ஓடி, எல்லார் முன்னாலும் வாத்தியாரை நேருக்கு நேர் கேட்டுவிடுவாள். அப்புறம் மார்க்காவது, மேல்படிப்பாவது!

கேன்களைச் சைக்கிளில் மாட்டினார். கயிற்றை இழுத்துக் கட்டினார். அவிழ்த்து, இன்னொரு தடவை கட்டினார்.

"ஆமாம்மா, நான்தான் ஊத்துறேன். அதுக்கு நீ எதுக்கு மார்க்கை விடணும்? சார் சொல்லிக் குடுத்தபடியே போடு."