சட்டைப்பையில் சீவாளி

நெப்ராஸ்காவில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளி. அங்கே வாத்தியக் குழுவை நடத்திய குச்செரா சார், ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னாலும் மாணவி மேரனின் கிளாரினெட்டிலிருந்து, ஓசை எழுப்பும் சீவாளியைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

"நீ ஊதிக் கெடுக்காதம்மா. வெரல மட்டும் ஆட்டு. மேடை நெறஞ்சு தெரிஞ்சா போதும்."

எல்லோரும் சிரிப்பார்கள். இரண்டு வருடம் அவள் விரலை மட்டும் ஆட்டினாள். ஒரு சுரம்கூடத் தவறவிட்டதில்லை.

மாநிலப் போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. நன்றி சொல்ல மைக் முன்னால் நின்று சார் வாயைத் திறந்தார். கிளாரினெட் ஓசை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார், மூக்கு வழியாக வந்தது. அரங்கமே சிரித்தது. கடைசி வரிசையில், மடியில் கிடந்த கிளாரினெட்டின் மேல் மேரனின் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை வகுப்பில் அவர் சீவாளியை அவள் மேசைமேல் வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றார்.

"பாவம், விட்டுடுடி," என்றாள் பக்கத்தில் இருந்த தோழி.

"ஒரு பாட்டுதானடி ஆயிருக்கு. ரெண்டு வருஷத்துப் பாட்டு இருக்கே."

மேரன் சீவாளியை இரண்டாக ஒடித்தாள். மேசை விளிம்பில் விரல்களை வரிசையாக வைத்தாள். குச்செரா சார் பல்லை இறுகக் கடித்துக்கொண்டார்.