ஆறாவது வெற்றி

"எண்ணெய்க்கை வந்துட்டான்! அவங்கவங்க கோப்பையைப் பத்திரமா பிடிச்சுக்குங்க!"

கஸ் புரூட் சொல்லி முடிப்பதற்குள் உணவகமே சிரித்தது. ரொட்டிக் கூடையோடு உள்ளே நுழைந்த வெண்டெலும் சேர்ந்து சிரித்து வைத்தான். பதினேழு வருஷமாகப் பழகிப்போன சிரிப்பு, பாவம்.

அந்தச் சிரிப்பு தொடங்கியபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற அமெரிக்கக் கால்பந்தில் கெல்டன் பல்கலைக்கழக அணி அந்த வருஷம் ஐந்து ஆட்டம் ஜெயித்திருந்தது. ஆறு ஜெயித்தால் டிசம்பரில் 'பவுல்' என்கிற பருவ முடிவுச் சிறப்பு ஆட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். சோளமும் மாடுமே கதி என்று கிடக்கிற ஊர், மூட்டை கட்டிக்கொண்டு எங்கோ வெயிலடிக்கிற பட்டணத்துக்குக் கிளம்பும். அந்த ஆறாவது வெற்றிக்கான ஆட்டத்தின் கடைசி நொடியில் பந்து வெண்டெலின் மார்புக்கு நேராக வந்தது. பிடித்தான். நழுவிவிட்டது.

அதற்குப் பிறகு கெல்டனுக்குப் பவுல் ஆட்டமே வாய்க்கவில்லை. வெண்டெலும் அந்த வாரமே கல்லூரிக்கு முழுக்குப் போட்டுவிட்டு ரொட்டி வண்டி ஓட்டப் போய்விட்டான்.

"ஒரே ஒரு தடவை நம்ம பசங்க போயிட்டா போதும் லோர்னா," என்பான் உணவகக்காரியிடம். "அப்புறம் என்னை விட்டுருவாங்க."

இந்த வருஷமும் ஐந்தோடு நின்றுவிட்டது. போன வாரம் நடந்த கடைசி ஆட்டத்தில் மூன்றே புள்ளியில் தோல்வி.

"அஞ்சு ஜெயிச்சு ஏழு தோத்தாச்சு," என்றார் கஸ், பேன்கேக்கின் மேல் பாகை ஊற்றியபடி. "இனிமே அடுத்த வருஷம்தான். எல்லாம் உன் கை பட்ட ராசிடா!"

"கஸ், உங்க நாக்குக்கு ஒரு நாளாவது லீவு விடக் கூடாதா?" என்றாள் லோர்னா. "நீ உட்காரு கண்ணு. காபி சூடா இருக்கு."

"இரு லோர்னா, எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். டேய், போன வருஷம் வரைக்கும் செவ்வாய், வியாழன் சாயந்திரமானா வண்டியை எடுத்துட்டு எங்கடா காணாமப் போவே? யாரவ?"

"பல் வைத்தியம்," என்றான் வெண்டெல் கூடையைப் பார்த்துக்கொண்டு.

"மூணு வருஷமாவா? உனக்கென்ன முதலை வாயா?"

மறுபடியும் சிரிப்பு. வெண்டெல் ரொட்டிகளை அலமாரியில் அடுக்க ஆரம்பித்தான். கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

அப்போதுதான் கதவு படாரென்று திறந்தது. பல்கலைக்கழகத்தில் ஆட்டக்காரப் பையன்களின் படிப்பைப் பார்த்துக்கொள்கிற ஒடெட் ஃபாரிஸ், அந்தப் பனியில் கோட்டுகூடப் போடாமல் ஓடி வந்திருந்தாள்.

"கூப்பிட்டுட்டாங்க! பவுல் ஆட்டம்! டிசம்பர் இருபத்தெட்டு!"

"அஞ்சு ஜெயிச்சவனை எவம்மா கூப்பிடுவான்?" என்றார் கஸ். "தெருவில விழுந்து தலையில அடிபட்டுடுச்சா?"

"ஆறு ஜெயிச்ச அணிங்க இந்த வருஷம் போதலை. ஒரு இடம் மிச்சம். அப்படி மிஞ்சினா, அஞ்சு ஜெயிச்ச அணிகள்ல எந்த அணிப் பசங்களோட படிப்புக் கணக்கு உசத்தின்னு பார்த்துக் கொடுப்பாங்க. நாம ஒரே ஒரு புள்ளியில முந்திட்டோம்!"

உணவகம் கொஞ்ச நேரம் தன் வசத்தில் இல்லை. லோர்னா கரண்டியால் தட்டைத் தட்டித் தட்டி நெளித்தே விட்டாள். முன்பின் பேசாதவர்கள்கூடக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வெண்டெல் அலமாரியில் சாய்ந்து நின்றான். பதினேழு வருஷத்து மூச்சை இப்போதுதான் விட்டவன் போல, கண்ணை மூடிக்கொண்டு.

கஸ் எழுந்து நாற்காலி மேலேயே ஏறப் பார்த்தார். "அந்த ஒரு புள்ளியை வாங்கிக் கொடுத்த புள்ள யாரும்மா? கூட்டிட்டு வா! இத்தனை பேர் முன்னாடி அவன் கையில நான் முத்தம் குடுக்கறேன்!"

"இப்போ ஆடற புள்ள இல்லை கஸ்," என்றாள் ஒடெட். "படிப்பைப் பாதியில விட்ட பழைய ஆட்டக்காரர் யாராவது திரும்பி வந்து பட்டம் வாங்கினா, அதுக்கும் ஒரு புள்ளி உண்டு."

சொல்லிக்கொண்டே அலமாரிப் பக்கம் போனவள், வெண்டெலின் மாவு படிந்த வலது கையைப் பிடித்து இழுத்து வந்து கஸ்ஸின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இந்தாங்க, முத்தம் குடுங்க. மூணு வருஷம், செவ்வாயும் வியாழனும் கடைசி பெஞ்சுல உட்கார்ந்து பாடம் எழுதின கை இதுதான்!"