குளியலறைத் தரையில் ஒரு குவளைத் தண்ணீர்

நோர்வேயின் லோறென்ஸ்கூக்கில் விற்பனைக்கு வந்திருக்கும் வீட்டின் குளியலறை வாசலில் துஷ்யா நிற்கிறாள். சப்பாத்துக்கு மேல் மாட்டிய நீலப் பிளாஸ்ரிக் உறை அசைவுக்கெல்லாம் சரசரக்கிறது. கீழே வீட்டு முகவர்ப் பெண், பார்க்க வந்தவர்களுக்கு வைத்திருக்கும் ஏலக்காய் பன்னின் வாசம் படியேறி வருகிறது. பக்கத்து அறை முழுக்க, பனியில் பட்டுத் திரும்பிய வெயில். மகளின் கட்டிலை அங்கே எந்தச் சுவரோரம் போடுவது என்பதைக்கூட அவள் தீர்மானித்துவிட்டாள். நாளை மதியம் ஏலத்தில் விலை கேட்க வேண்டும். கணவன் லதீசனோ வீட்டைச் சோதித்த பரிசோதகரின் அறிக்கையோடு குளியலறைத் தரையில் குந்தியிருக்கிறான். "இஞ்சை பாரும், பூச்சியம் எண்டால் நல்லது, மூண்டு எண்டால் மோசம். குளியலறைக்கு ரெண்டு. வடிகால் பக்கம் சரிவு காணாதாம்." "பழைய வீடெண்டால் ரெண்டுதான் போடுவினம். நீங்கள் வீடு வாங்க வந்தனீங்களோ, சோதினை எடுக்க வந்தனீங்களோ?" அவன் சிரித்துக்கொண்டே, காப்பி குடித்த காகிதக் குவளையில் தண்ணீர் பிடிக்கிறான். "வாளியில அள்ளி ஊத்திக் குளிக்கிற ஆக்களெல்லோ நாங்கள். ஒருக்கா ஊத்திப் பாப்பம்." தண்ணீர் ஓடுகளின் மேல் மெல்லப் பரவி, யோசிப்பதுபோல் நின்று, வடிகாலுக்கு முதுகைக் காட்டிச் சுவரை நோக்கி நகர்கிறது. சுவரின் அடியில் இருக்கும் மெல்லிய இடுக்கில் ஒரு கோடாகி மறைகிறது. துஷ்யா உறைகள் சரசரக்கப் பக்கத்து அறைக்குப் போகிறாள். அதே சுவரின் மறுபக்கம், கட்டிலுக்கென்று அவள் குறித்துவைத்த இடத்தில் குனிந்து, சுவரடிப் பலகையைப் பெருவிரலால் அழுத்துகிறாள். வெள்ளைப் பூச்சுக்குள் மரம், தேத்தண்ணியில் ஊறிய பாண் போல அமிழ்கிறது. "இஞ்சேருங்கோ," என்கிறாள், விரலை எடுக்காமலே. "அந்த அறிக்கையை முதல் பக்கத்திலயிருந்து வாசியுங்கோ."